டிஎஸ்ஸா, என்டிஎஸ்ஸா: விண்டோஸில் பிஎச்பி இறக்கும் முன்

"அண்ணே, இதுல சேஃப் இல்லைன்னு அவனே போட்டிருக்கான். இதை ஏத்தினா வைரஸ் வந்திராதா?"

யாங்கோன் பேயின்னவுங் சந்தையில் ஓர் உளுந்துக் கடையில் கணக்குப் பார்க்கும் தம்பி என்னிடம் கேட்டது இது. கடைக்கு வரும் மூட்டை எத்தனை, உளுந்துத் தரங்களில் எஃப்ஏக்யூ எவ்வளவு, எஸ்க்யூ எவ்வளவு, வீசைக் கணக்கில் கையிருப்பு என்ன என்று காட்டும் சின்ன நிரல் ஒன்றைத் தானே எழுத ஆசைப்பட்டு பிஎச்பி என்ற நிரல்மொழியைப் படிக்கத் தொடங்கியிருந்தான். விண்டோஸுக்கான பதிவிறக்கப் பக்கத்தைத் திறந்தால் ஒரே பதிப்புக்கு நான்கு பெட்டிகள்: 64 பிட்டில் 'திரெட் சேஃப்', 'நான் திரெட் சேஃப்', 32 பிட்டில் மறுபடியும் அதே இரண்டு. எதை எடுப்பது என்று தெரியாமல், 'சேஃப்' என்ற சொல்லை நம்பி முதலாவதை இறக்கினான். அடுத்த இரண்டு நாள் அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், ராத்திரி பத்து மணிக்கு போன் அடித்தது எனக்கல்லவா.

ஆகவே முதலில் அந்தச் சொல்லைத் தீர்த்துவிடுவோம். இங்கே சேஃப் என்பதற்கும் திருடன், வைரஸ், ஹேக்கிங் எதற்கும் சம்பந்தமில்லை. திரெட் என்றால் இழை. ஒரே நிரலுக்குள் பல இழைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது ஒன்றின் கணக்கில் இன்னொன்று கைவைக்காமல் இருக்க ஏற்பாடு உண்டா, இல்லையா என்பதுதான் கேள்வி. ஏற்பாடு இருந்தால் டிஎஸ். இல்லாவிட்டால் என்டிஎஸ். அவ்வளவே.

கிட்டங்கிக் கணக்கு

ரங்கூனில் தாத்தா காலத்துக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கிட்டங்கி என்ற சொல் தெரிந்திருக்கும். மொகல் தெருவில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கட்டடங்கள். ஒரு நீளக் கூடம், அதற்குள் பல விலாசங்கள். ஆனால் ஒவ்வொரு விலாசத்துக்கும் தனிப் பெட்டி, தனிப் பேரேடு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மச்சானே ஆனாலும் அவர் பெட்டியில் இவர் கை போகாது.

டிஎஸ் பில்டு, அதாவது டிஎஸ்ஸாகக் கட்டித் தந்த பிஎச்பி, அந்தக் கூடம் மாதிரி. ஒரே செயல்முறைக்குள் (ப்ராசஸ், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்) பல இழைகள் உட்கார்ந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பிஎச்பி தனிப் பெட்டி கொடுத்திருக்கிறது. இதைப் பார்த்துக்கொள்ளும் பகுதிக்கு டிஎஸ்ஆர்எம் என்று பெயர், 2000இல் வந்த பிஎச்பி 4 காலத்திலிருந்து இருக்கிறது. இதற்கு ஒரு செலவும் உண்டு: எதையாவது எடுக்கும் ஒவ்வொரு தடவையும் 'என் பெட்டி எது' என்று பார்க்க வேண்டும்.

என்டிஎஸ் பில்டில் பெட்டி ஒன்றே ஒன்று. ஒரு செயல்முறைக்கு ஓர் ஆள், ஓர் அறை, ஒரு பெட்டி. இன்னொரு ஆள் வந்தால் இன்னோர் அறை திறக்கப்படும். யார் பெட்டி என்று தேடும் வேலையே இல்லை, அதனால் சற்று வேகம். ஆனால் இந்த ஒற்றைப் பெட்டியைக் கூடத்தின் நடுவே வைத்துப் பத்துப் பேரை உட்கார வைத்தால் என்ன ஆகும்? இருவர் ஒரே நேரத்தில் கை விடுவார்கள், கணக்கு நாறும்.

பெட்டியை விடுங்கள், பிஎச்பியைக் கூப்பிடுவது யார் என்று பாருங்கள். கூப்பிடுகிறவன் இழைகளாக வருகிறானா, தனித்தனிச் செயல்முறைகளாக வருகிறானா? இந்த ஒன்று தெரிந்தால் பதிவிறக்கப் பக்கத்தின் நான்கு பெட்டிகளில் எது உங்களுடையது என்று தானே தெரிந்துவிடும்.

முதல் வேலை: தேர்வு உங்களுக்கு உண்டா என்று பாருங்கள்

லினக்ஸில் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம். டெபியனோ உபுண்டுவோ வழக்கமாகத் தருவது என்டிஎஸ்தான், உங்களை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. வாடகை சர்வரில் இடம் வாங்கியவர்களுக்கும் அப்படியே.

அப்பாச்சி என்ற இணைய சர்வரும் பிஎச்பியும் சேர்ந்தே வரும் எக்ஸாம்ப் தொகுப்பை நிறுவியவர்களுக்கும் தேர்வு முடிந்துவிட்டது. அதற்குள் இருப்பது டிஎஸ். அதை மாற்ற முயல வேண்டாம், நினைவில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நீட்சி (எக்ஸ்டென்ஷன், பிஎச்பிக்குக் கூடுதல் திறன் தரும் துணைக் கோப்பு) சேர்க்கும்போது தேவைப்படும்.

விண்டோஸில் தனியாக ஜிப் கோப்பு இறக்கி விரிக்கப் போகிறவர்கள் மட்டும் மேலே வாருங்கள்.

இரண்டாவது: யார் கூப்பிடுகிறார்

வெறும் கற்றலுக்கு என்றால் அப்பாச்சியே தேவையில்லை. 2012இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து பிஎச்பிக்குள்ளேயே ஒரு குட்டி சர்வர் இருக்கிறது. கட்டளைச் சாளரத்தில் பிஎச்பி என்று எழுதி, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் பெரிய எஸ் எழுத்தும், பிறகு லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 8000 என்று தட்டினால் போதும், உலாவியில் பக்கம் வந்துவிடும். லாராவெல் என்ற பிஎச்பி சட்டகம் கற்பவர்கள் ஆர்ட்டிசன் சர்வ் என்று ஓட்டுவதும் இதைத்தான். பிஎச்பி நூலகங்களை இறக்கித் தரும் கம்போசரும் கட்டளைச் சாளரத்தில் ஓடுவது. இவை எல்லாவற்றிலும் ஒரு செயல்முறைக்கு ஓர் ஆள்தான். என்டிஎஸ் எடுங்கள். புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு விடை இதுதான் என்பது என் எண்ணம்.

மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வர் வைத்திருந்தால் அது பிஎச்பியை ஃபாஸ்ட்சிஜிஐ வழியாகக் கூப்பிடும்: தனித்தனிச் செயல்முறை. ஆகவே என்டிஎஸ். ஒரு காலத்தில் ஐஐஎஸ்ஸில் ஐஎஸ்ஏபிஐ என்ற வழி இருந்தது, அது இழை வழி, அதனால் டிஎஸ் வேண்டியிருந்தது. 2006இல் மைக்ரோசாஃப்டும் ஜெண்ட் நிறுவனமும் கைகோத்து விண்டோஸில் பிஎச்பியைச் சீர்செய்யத் தொடங்கின, அதன் பலனாக ஃபாஸ்ட்சிஜிஐ ஊன்றியது. 2009இல் வந்த 5.3 பதிப்பில் ஐஎஸ்ஏபிஐயை எடுத்தே விட்டார்கள். 'ஐஐஎஸ் என்றால் டிஎஸ்' என்று எங்காவது படித்தால் அது அந்தக் காலத்துப் பேச்சு. அதேபோல 'அப்பாச்சிக்கு விசி6, ஐஐஎஸ்ஸுக்கு விசி9' என்ற வாய்ப்பாடும் (விசி என்பது கட்டிய விஷுவல் சி++ பதிப்பு). அது செத்துப் பல வருடம் ஆகிறது, ஆனால் தேடினால் இன்னும் முதல் பக்கத்தில் வந்து நிற்கும்.

என்ஜின்எக்ஸ் சர்வரும் விண்டோஸில் பிஎச்பி-சிஜிஐ நிரலை வெளியே தனியாக ஓடவிட்டுத்தான் பேசும். என்டிஎஸ். இதில் ஒரு கண்ணி: அந்த நிரல் இயல்பாக 500 கோரிக்கைகளைக் கவனித்ததும் தானே நின்றுவிடும். லினக்ஸில் எஃப்பிஎம் என்ற மேஸ்திரி இருந்து ஆட்களைத் திரும்ப எழுப்புவார், விண்டோஸுக்கு எஃப்பிஎம் கிடையாது. காலையில் நன்றாக ஓடியது மத்தியானம் 502 பிழை என்று முகம் காட்டினால், என்டிஎஸ் எடுத்தது தப்போ என்று பதறாதீர்கள். 500 முடிந்திருக்கும். நின்றதும் மறுபடி எழுப்ப ஒரு சிறு தொகுதிக் கோப்பு எழுதி வையுங்கள்.

மிஞ்சியது அப்பாச்சி, இடறுகிற இடமும் இதுதான். லினக்ஸில் அப்பாச்சி பிஎச்பியை உள்ளே வைத்துக்கொள்ளும்போது வழக்கமாகச் செயல்முறைகளைப் பிரித்துக்கொள்ளும். விண்டோஸில் அது வேறு ஆள். தாய்ச் செயல்முறை ஒன்று, பிள்ளை ஒன்று. அந்த ஒற்றைப் பிள்ளைக்குள் பல இழைகள். நம் கிட்டங்கிக் கூடம் அப்படியே. எனவே விண்டோஸ் அப்பாச்சிக்குள் பிஎச்பியை மாட்யூலாக (உள்ளே ஏறும் துணைப் பகுதியாக) பொருத்தினால் டிஎஸ் கட்டாயம், வேறு வழியே இல்லை. என்டிஎஸ் ஜிப்பில் அதற்கான டிஎல்எல் கோப்பையே (விண்டோஸ் நிரல்கள் ஏற்றிக்கொள்ளும் துணைக் கோப்பு) வைத்திருக்க மாட்டார்கள்.

அப்பாச்சியும் வேண்டும், என்டிஎஸ்ஸும் வேண்டும் என்றால் மாட்எஃப்சிஜிஐடி என்ற அப்பாச்சி மாட்யூல் வழியாக பிஎச்பியை வெளியே ஓடவிடலாம். கொஞ்சம் கூடுதல் வேலை. ஆனால் எனக்கு அந்த வழிதான் பிடிக்கும், ஏனென்றால் மாட்யூலாக உள்ளே இருக்கும் பிஎச்பி எங்காவது இடறி விழுந்தால் அந்த ஒற்றைப் பிள்ளை முழுவதும் விழும், அந்த நேரத்தில் உள்ளே இருந்த எல்லாப் பேரின் பக்கமும் அறுந்துபோகும். வெளியே தனித்தனியாக ஓடினால் விழுந்தவன் மட்டும் விழுவான்.

வேகத்தைப் பற்றி நிறைய வாதம் நடக்கும். என்டிஎஸ் சற்று வேகம்தான், ஆனால் பிஎச்பி 7இல் அந்த இடைவெளியைக் குறைத்துவிட்டார்கள். கடைக் கணக்குக்கு அது கண்ணில் படாது. வேகத்துக்காகத் தேர்வை மாற்ற வேண்டாம்.

மூன்றாவது: கோப்பின் பெயரைப் படியுங்கள்

ஜிப் சுமார் 30 எம்பி. பெரிதில்லைதான். ஆனால் கரண்டு முறை வைத்து வருகிற ஊரில், இணையம் எப்போது படுக்கும் என்று தெரியாத ஊரில், தப்பான 30 எம்பி ஒரு சாயங்காலத்தைத் தின்றுவிடும். இறக்கும் முன்பே பெயரைப் பாருங்கள்.

பெயரில் முதலில் பிஎச்பி, பிறகு பதிப்பு எண். அடுத்து என்டிஎஸ் என்ற மூன்றெழுத்து இருந்தால் அது என்டிஎஸ். டிஎஸ் என்ற எழுத்தைத் தேடாதீர்கள், அது இருக்காது. என்டிஎஸ் என்று சொல்லாத ஜிப் எல்லாம் டிஎஸ். அதற்குப் பிறகு வருவது எந்த விஷுவல் ஸ்டூடியோவில் கட்டினார்கள் என்பது: 8.0 முதல் 8.3 வரை விஎஸ்16, 8.4 முதல் விஎஸ்17. கடைசியில் எக்ஸ்64 அல்லது எக்ஸ்86. இன்று புழங்கும் கணினி என்றால் 64தான். அப்பாச்சி 64 என்றால் பிஎச்பியும் 64 ஆகவே இருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒருவன் இறக்குவான், பென் டிரைவில் பத்துப் பேருக்குப் போகும். மூன்றாவது கைக்கு வரும்போது கோப்பின் பெயர் 'பிஎச்பி புதுசு' என்று ஆகியிருக்கும். அதற்கும் வழி உண்டு. விரித்துப் பாருங்கள். உள்ளே பிஎச்பி8டிஎஸ் என்ற டிஎல்எல் இருந்தால் டிஎஸ். டிஎஸ் எழுத்து இல்லாமல் வெறும் பிஎச்பி8 டிஎல்எல் இருந்தால் என்டிஎஸ். கோப்புக்கு யார் என்ன பேர் வைத்தாலும் உள்ளே இருப்பது பொய் சொல்லாது.

நான்காவது: பொருத்துதல்

சி டிரைவில் பிஎச்பி என்ற கோப்புறையில் விரியுங்கள். பாதையில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ பர்மிய எழுத்தோ வேண்டாம், வீண் வம்பு. டெவலப்மெண்ட் என்று முடியும் ஐஎன்ஐ கோப்பை (பிஎச்பியின் அமைப்புக் கோப்பு) படியெடுத்து பிஎச்பி டாட் ஐஎன்ஐ என்று பெயர் மாற்றுங்கள். விஷுவல் சி++ மறுவிநியோகத் தொகுப்பு கணினியில் இல்லாவிட்டால் விசிரன்டைம்140 காணவில்லை என்று ஒரு பெட்டி எழும்பும். அது பிஎச்பியின் கோளாறு அல்ல, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அந்தத் தொகுப்பை நிறுவினால் தீர்ந்தது.

என்டிஎஸ் எடுத்தவர்களுக்கு இத்தோடு வேலை முடிந்தது. டிஎஸ் எடுத்து அப்பாச்சியில் பொருத்துகிறவர்கள் அதன் அமைப்புக் கோப்பில் மூன்று வரி சேர்க்க வேண்டும்: மாட்யூலை ஏற்றும் வரி, பிஎச்பி என்று முடியும் கோப்புகளை அதனிடம் கொடுக்கும் வரி, ஐஎன்ஐ எங்கே இருக்கிறது என்ற வரி. முதல் வரியில் மாட்யூலின் பெயரைக் கவனியுங்கள். 7 காலத்தில் பெயருக்குள் 7 என்ற எண் இருந்தது. 8இல் எண் போய்விட்டது, வெறும் பிஎச்பி மாட்யூல். பழைய வரியை வெட்டி ஒட்டி, 7க்குப் பதில் 8 போட்டு, ஏன் ஏறவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இங்கே என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்கிறேன். பல வருடம் முன்பு ஒரு கடையில் என்டிஎஸ் ஜிப்பைக் கொண்டுபோய் அப்பாச்சியில் பொருத்த உட்கார்ந்தேன். அப்பாச்சிக்கான டிஎல்எல் உள்ளே இல்லை. சரி, விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, பழைய டிஎஸ் கோப்புறையில் இருந்த அதே பெயர் டிஎல்எல்லை எடுத்து இங்கே போட்டேன். அப்பாச்சியை எழுப்பினால் 'குறிப்பிட்ட மாட்யூல் காணவில்லை' என்றது. கோப்பு கண் முன்னால் இருக்கிறது! பெயரை எழுத்தெண்ணிச் சரிபார்த்தேன், பாதையை நான்கு தடவை மாற்றினேன், கணினியை அணைத்துப் போட்டேன். கடைக்காரர் மூன்றாவது தேநீர் வரவழைத்துவிட்டார். கடைசியில் புரிந்தது: காணவில்லை என்று அது சொன்னது அந்தக் கோப்பை அல்ல. அந்தக் கோப்பு யாரை நம்பி இருக்கிறதோ அவரை, அதாவது டிஎஸ் என்ற எழுத்துள்ள பெரிய டிஎல்எல்லை. அது என்டிஎஸ் கோப்புறையில் எப்படி இருக்கும்?

விண்டோஸ் இப்படித்தான் பேசும். கோப்பு இருந்தும் காணோம் என்றால், அதற்குத் தேவையான இன்னொன்றைத் தேடுங்கள்.

ஐந்தாவது: நீட்சிகள்

தம்பி மாட்டியதும் இதில்தான். கடையின் பழைய கணக்கு எஸ்க்யூஎல் சர்வரில் இருந்தது. அதோடு பேச மைக்ரோசாஃப்ட் தரும் எஸ்க்யூஎல்எஸ்ஆர்வி நீட்சி வேண்டும். ஒரே ஜிப்பில் பல டிஎல்எல்கள் வரும், பெயரிலேயே பிஎச்பி பதிப்பும் டிஎஸ், என்டிஎஸ் குறிப்பும் இருக்கும். இவன் கட்டியிருந்தது டிஎஸ் பிஎச்பி. யாரோ ஒரு கட்டுரையில் என்டிஎஸ் என்று போட்டிருந்ததால் அந்த டிஎல்எல்லை எடுத்து, நீட்சிகள் இருக்கும் எக்ஸ்ட் கோப்புறையில் போட்டான். ஏறவில்லை. அவன் சந்தேகம் முழுக்க எஸ்க்யூஎல் சர்வரின் கடவுச்சொல் மேல் போயிற்று. இரண்டு நாள்.

நீட்சி ஏற நான்கு பொருத்தம் வேண்டும்: பிஎச்பி பதிப்பு (8.3க்கு 8.3 நீட்சி, 8.2 ஆகாது), டிஎஸ் அல்லது என்டிஎஸ், கட்டிய விஷுவல் ஸ்டூடியோ, 64 அல்லது 32. கல்யாணப் பொருத்தத்திலாவது ஒன்றிரண்டு குறைந்தால் பரிகாரம் சொல்வார்கள், இதில் பரிகாரம் கிடையாது. பிழைச் செய்தியில் இரண்டு அடையாள எண்கள் வந்து 'இவை பொருந்த வேண்டும்' என்று முடிந்தால் அதிர்ஷ்டம்; எது எதோடு பொருந்தவில்லை என்று அதிலேயே தெரியும். பல நேரம் அதுகூட வராது, வெறும் 'மாட்யூல் காணவில்லை'தான்.

ஐஎன்ஐ கோப்பில் எழுதும்போது 7.2 முதல் நீட்சியின் வெறும் பெயர் போதும். முன்னால் பிஎச்பி என்ற ஒட்டும் பின்னால் டிஎல்எல் என்ற வாலும் வேண்டாம்.

ஆறாவது: உண்மையில் எது ஓடுகிறது

கட்டளைச் சாளரத்தில் பிஎச்பி, இடைவெளி, சிறு கோடு, சிறிய வி. முதல் வரியிலேயே அடைப்புக்குறிக்குள் இசட்டிஎஸ் அல்லது என்டிஎஸ் என்று வரும். இசட்டிஎஸ் என்றால் டிஎஸ்தான்; இசட் என்பது ஜெண்ட் எஞ்சினைக் குறிக்கும் எழுத்து. இரண்டுக்கு மூன்று பெயர் ஏன் வைத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இதோடு நிறுத்த வேண்டாம். கட்டளைச் சாளரம் காட்டும் பிஎச்பி ஒன்று, அப்பாச்சிக்குள் இருக்கும் பிஎச்பி வேறொன்று என்று ஒரே கணினியில் இருக்கும். எக்ஸாம்ப்பும் தனி ஜிப்பும் சேர்ந்து கிடக்கும் இடங்களில் எப்போதும் அப்படித்தான். ஆகவே பிஎச்பிஇன்ஃபோ என்ற ஒற்றை வரிக் கோப்பை எழுதி உலாவியிலும் திறந்து பாருங்கள். நான்கு வரி போதும். சர்வர் ஏபிஐ என்ற வரி யார் கூப்பிடுகிறார் என்று சொல்லும். திரெட் சேஃப்டி என்ற வரி டிஎஸ்ஸா இல்லையா என்று சொல்லும். எக்ஸ்டென்ஷன் பில்டு என்ற வரியில் ஏபிஐ எண், டிஎஸ் அல்லது என்டிஎஸ், விஎஸ் எண் மூன்றும் சேர்ந்தே இருக்கும். நீட்சி தேடப் போகும்போது இந்த வரியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஐஎன்ஐ ஏறியது என்ற வரியையும் பாருங்கள், நீங்கள் திருத்திக்கொண்டிருப்பது வேறொன்றாக இருக்கலாம். பார்த்து முடித்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள், வெளியாள் பார்க்க வேண்டியதல்ல.

டிஎஸ் எடுத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

டிஎஸ் எடுத்தால் எல்லாப் பெட்டியும் தனி என்றேன். முழு உண்மை அல்ல. செட்லோகேல் என்ற செயற்கூறு மாற்றும் மொழி, வட்டார அமைப்பு இழைக்கு அல்ல, செயல்முறை முழுமைக்கும் சேர்ந்தது; விண்டோஸில் மட்டும் 7.0.5 முதல் அது இழைக்கு இழை தனி. பிஎச்பி கையேடே இதை எச்சரிக்கிறது. ஒருவர் பிரெஞ்சு வழக்குக்கு மாற்றும் பக்கத்தைத் திறந்த அதே நொடியில் இன்னொருவர் கையிருப்பு அறிக்கை எடுக்கிறார் என்று வையுங்கள். விண்டோஸில் 7.0.5க்கு முந்தைய பதிப்பாக இருந்தால் 12.5 வீசை அவருக்கு 12,5 வீசை என்று வந்து நிற்கும். அடுத்த தடவை பார்த்தால் சரியாக இருக்கும். பேய் பிடித்த மாதிரி. விண்டோஸில் 7.0.5இலேயே இந்தப் பேய் போயிற்று; 8 முதல் பின்ன எண்ணைச் சரமாக மாற்றும்போது எங்குமே வட்டாரத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் விண்டோஸுக்கு வெளியே அடிப்படைக் குணம் போகவில்லை. அங்கே கூடத்தின் விளக்கு எல்லோருக்கும் பொது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இழைகளாக ஓட்டும் இடத்தில் செட்லோகேல் வேண்டாம்.

வேண்டியே டிஎஸ் தேடுகிறவர்களும் உண்டு. பேரலல் என்ற நீட்சியை வைத்து ஒரே நிரலுக்குள் பல இழைகளை ஓட்டுகிறவர்கள், ஃபிராங்கன்பிஎச்பி சர்வரில் ஓட்டுகிறவர்கள். இரண்டு பேருக்கும் டிஎஸ்தான் வேண்டும். அங்கே போகிற அளவுக்கு வந்துவிட்டவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

தம்பி கடைசியில் டிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு 8.3 என்டிஎஸ் போட்டான், உள்ளேயே இருக்கும் குட்டி சர்வரில்தான் இப்போது எழுதிப் பார்க்கிறான். பென் டிரைவின் மேல் மூட்டைக்கு எழுதும் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறான்: 8.3, என்டிஎஸ், விஎஸ்16, 64. நீங்களும் அப்படி எழுதி வையுங்கள். 8.4க்கு மாறும் நாளில் மூன்றாவது சொல்லை அடித்து 17 ஆக்கி, எக்ஸ்ட் கோப்புறையில் நீங்களாகப் போட்ட நீட்சிகளை எல்லாம் புதிதாக இறக்க வேண்டும்.